பாதிச் சாய்வில் நிறுத்திய நாள்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து இளம் எஞ்சினியர்களுடன் பேசச் சொன்னீர்கள். வந்தேன், பேசினேன். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மீதிப் பேர் சாப்பிட்ட களைப்பில் கண்ணைத் திறந்தபடி தூங்கினீர்கள். அன்று சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதித் தருகிறேன். எழுத்தில் ஒரு வசதி, நீங்கள் பாதியில் எழும்பிப் போனாலும் எனக்குத் தெரியாது.

கியர் பல்லை எப்படி வெட்டுவது, எண்ணெய் எத்தனை பாகை சூட்டில் கெடும் என்பதெல்லாம் இதில் வராது. அவற்றை உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் செய்யும். அறை நிறைய ஆட்கள் நின்று உங்கள் வாயைப் பார்க்கும்போது என்ன சொல்வது என்பதை மட்டும் அது சொல்லித் தராது. அந்த மாதிரி ஒரு நாள் எனக்கும் வந்தது.

எண்பத்து நான்கில் கனடாவில், மிசிசாகாவில் ஒரு சிறிய கம்பனியில் சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு மிகப் பக்கம். விமானங்கள் எங்கள் கூரையை உரசுகிற மாதிரித்தான் இறங்கும். அந்த இரைச்சலில் பேச முடியாது. ஆகவே அங்கே எல்லாரிடமும் ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டிருக்கிறவர் விமானச் சத்தம் கேட்டதும் அப்படியே வாயை மூடுவார். கேட்கிறவரும் காத்திருப்பார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். புதிதாக வந்தவர்கள் எங்களுக்கு ஏதோ நோய் என்று நினைப்பார்கள். வீட்டிலும் எனக்கு இது தொற்றி, மனைவி தவமணியோடு சண்டை பிடிக்கும்போது கூட விமானம் போனால் நிறுத்திவிடுவேன். அவள் நிறுத்தமாட்டாள்.

கம்பனி செய்தது இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கம்பனி, அமெரிக்க இராணுவத்துக்காக ஒரு புதுவகை விமானம் செய்துகொண்டிருந்தது. ஹெலிகொப்டர் போல நின்ற இடத்திலிருந்து நேரே எழும்பும். எழும்பியபின், இரண்டு இறக்கை நுனியிலும் இருக்கிற பெரிய விசிறிகளை முன்பக்கமாகச் சாய்த்துக்கொண்டு விமானம் போலப் பறக்கும். இறங்கும்போது மறுபடி நிமிர்த்தும். அந்த விசிறியைச் சுழற்றுகிற கியர்பொக்ஸில் ஒரு பகுதியை வடிவமைத்து, சோதித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. செலவில் ஒரு பங்கை ஒட்டாவாவிலிருந்து கனடா அரசாங்கம் தந்தது, மறு பங்கைப் பெரிய கம்பனி தந்தது. காசு கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒரு கட்டம் முடிந்ததும் காசு தருகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். பிடித்தால் அடுத்த கட்டம் தொடங்கும், பிடிக்காவிட்டால் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த மாதிரி ஒரு பறவையைச் செய்வதற்கு எங்கே ஆள் பிடிப்பது? பாதிப் பேரை ஹெலிகொப்டர் செய்த இடங்களிலிருந்து பிடித்தார்கள், மீதிப் பேரை விமானம் செய்த இடங்களிலிருந்து. ஒரே மண்டபத்தில் இரண்டு சாதி. விமானக்காரர்களுக்கு ஹெலிகொப்டர் என்பது கழன்று விழத் துடிக்கும் உதிரிப்பாகங்களின் கூட்டம். ஹெலிகொப்டர்காரர்களுக்கு விமானம் என்பது ஓடுபாதை இல்லாவிட்டால் அழுகிற குழந்தை. கோப்பி ஊற்றுகிற மேசையில் இரண்டு கேத்தல் இருந்தது. இடது பக்கத்தில் ஹெலிகொப்டர்காரர்களின் கடும் கோப்பி, வலது பக்கத்தில் விமானக்காரர்களின் தண்ணீர்க் கோப்பி. மறந்தும் யாரும் கேத்தல் மாறிக் குடிக்கமாட்டார்கள். நான் மட்டக்களப்பிலிருந்து வந்து, இங்கே பிறம்ரனில் லொறிக்குப் பிரேக் செய்கிற இடத்தில் வேலை பார்த்துவிட்டுப் போனவன். எந்தச் சாதியிலும் சேர்த்தியில்லை. ஆகவே இரண்டு பேருக்கும் பொதுவாக, சோதனை மேடையை ஓட்டுகிற மேசையில் என்னை இருத்தினார்கள். பஞ்சாயத்துக்கு வெளியூர்க்காரனை இருத்துகிற மாதிரி.

விமானக்காரர்களின் தலைவர் முன்பு மொன்றியல் பக்கம், இறக்கையையே முழுதாகச் சாய்த்துப் பறக்கிற ஒரு விமானத்தில் வேலை செய்தவர். அது அழகாகப் பறந்ததாம். எல்லாரும் கைதட்டினார்களாம். ஒருவரும் வாங்கவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். "மெசின் தோற்கவில்லை, காசு தோற்றது" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

நான் ஏன் எழும்பிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என் தங்கை சாந்தியும் கணவரும் கொழும்பில் தெரிந்தவர் வீட்டு அறையொன்றில் ஒதுங்கியிருந்தார்கள். பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் மட்டக்களப்புக்கே திரும்பினார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு நான்தான் பொறுப்பு நிற்க வேண்டும். பொறுப்பு நிற்கிறவனுக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். என் வேலை அடுத்த கட்டக் காசில் தொங்கியது. அடுத்த கட்டக் காசு ஒரு நாள் காட்சியில் தொங்கியது. எண்பத்தாறு வசந்தத்தில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு காலையில் அந்த நாள் வந்தது.

அதற்கு முன் இன்னொருவரை அறிமுகப்படுத்துகிறேன். காசு கேட்டு விண்ணப்பம் தயாரிக்கிற பகுதியில் ஒரு பெண் இருந்தார். நாங்கள் இலங்கையர், இந்தியாவிலிருந்து வந்த தமிழர் எல்லாரையும் சென்னைக்காரர் என்றுதான் சொல்வோம். அப்படிச் சொன்னால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும், அவர் மதுரை. மார்க்கம் என்ற ஊரிலிருந்து தினமும் கார் ஓட்டி வருவார். என் வயதுதான். என்னை "சார்" என்பார். சார் என்று கூப்பிடாதீங்க என்று ஒருநாள் கேட்டுக்கொண்டேன். "சரி சார்" என்றார். இந்தத் தொழிலில் எனக்கு யாரும் குரு என்றால் அந்த மதுரைக்காரர்தான், ஆனால் குரு என்று சொன்னால் சிரிப்பார்.

காட்சிக்கு முதல் நாள் எங்கள் மனேஜர் மண்டபத்தைக் கழுவித் துடைத்து, சோதனை மேடையின் இரும்புக் கம்பிகளுக்குப் பச்சை வர்ணம் அடிப்பித்தார். நல்ல மனிதர், பதற்றம் வந்தால் எதையாவது வர்ணம் அடிக்கச் சொல்வார். மறுநாள் ஒட்டாவாவிலிருந்து வந்த அதிகாரி உள்ளே வந்த கையோடு அந்தக் கம்பியில் சாய்ந்தார். அவருடைய புதுக் கோட்டின் முழங்கை முழுக்கப் பச்சை. மனேஜரின் முகமும் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்குப் போனது. அதிகாரி கைக்குட்டையால் துடைத்தார், அது இன்னும் பரவியது. உங்களுக்கு முதல் புத்திமதி, விருந்தாளி வருகிறார் என்று எதற்கும் வர்ணம் அடிக்காதீர்கள்.

வந்தவர்கள் மூன்று பேர். பச்சை முழங்கை அதிகாரி, அமெரிக்கப் பெரிய கம்பனியின் ஆள் ஒருவர், மூன்றாவது ஒரு விமானி. இந்தப் பறவையை ஓட்டப்போகிறவர்களில் அவரும் ஒருவர் என்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மோட்டரைப் போட்டேன். கியர்பொக்ஸ் நிமிர்ந்து நின்றபடி சுழன்றது, அதாவது ஹெலிகொப்டர் நிலை. எண்ணெய் அழுத்த மீற்றர் கல்லுப் போல நின்றது. ஹெலிகொப்டர்த் தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். பிறகு அதைத் தாங்கிய இரும்புச் சட்டத்தைச் சாய்த்தேன். கியர்பொக்ஸ் மெல்லச் சரிந்து படுத்தது, இது விமான நிலை. மீற்றர் அசையவில்லை. இப்போது விமானத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். பெரிய கம்பனியின் ஆள் கைதட்டினார். மனேஜர் சாப்பாட்டு அறையைக் காட்டிக் கையை நீட்டிவிட்டார். கோழி சாண்ட்விச்சும் கேக்கும் அங்கே காத்திருந்தன.

அப்போது விமானி முதல் தடவையாக வாய் திறந்தார். திருப்பி நிமிர்த்தும்போது பாதியில் நிறுத்தி அப்படியே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார்.

ஹெலிகொப்டர்த் தலைவர் விமானத் தலைவரைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள்தானே என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிற பார்வை அது. நிமிர்ந்த நிலையை இவர்கள் மாதக்கணக்காகச் சோதித்தார்கள். படுத்த நிலையை அவர்கள் மாதக்கணக்காகச் சோதித்தார்கள். இடையில் கியர்பொக்ஸ் சில விநாடியில் கடந்துபோகும். அந்த இடம் மற்றவருடைய வேலை என்று இரண்டு பகுதியும் நினைத்திருக்கிறது. காசுக்கான விண்ணப்பத்திலும் ஹெலிகொப்டர் நிலைக்கு ஒரு தலைப்பு, விமான நிலைக்கு ஒரு தலைப்பு, அவ்வளவுதான். நல்ல எஞ்சினியர்கள், கவனமான மனிதர்கள். இந்தப் பிழையை வேறு எந்தத் தொழிலிலும் செய்ய முடியாது, ஹெலிகொப்டரையும் விமானத்தையும் ஒன்றாய்ப் பிசைகிறவர்களால் மட்டும்தான் முடியும்.

எல்லாருடைய கண்ணும் மேடையை ஓட்டுகிறவன் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கூரைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது.

பழக்க தோஷம். நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றோம். விருந்தாளிகள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த இரைச்சல் எனக்கு யோசிக்க நேரம் தந்தது. முதலில் வாயில் வந்தது, நேரமில்லை சேர், சாப்பாடு காத்திருக்கிறது என்கிற மாதிரி ஒரு மழுப்பல். சாந்தி கண்ணுக்குள் வந்தாள். மழுப்பினால் அவள் இங்கே வந்து சேர்ந்துவிடுவாள் என்று ஒரு மனம் சொன்னது. இந்த விமானி அந்தப் பாதிச் சாய்வில் ஆகாயத்தில் இருக்கப் போகிறார் என்று இன்னொரு மனம் சொன்னது. விமானம் போய்விட்டது.

இதுவரை நாங்கள் அங்கே நிறுத்திப் பார்த்ததில்லை என்று சொன்னேன். இப்போது நிறுத்துகிறேன், மீற்றர் விழுந்தால் உடனே அணைத்துவிடுவேன், யாரும் குறை நினைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். விமானி தலையை ஆட்டினார். மனேஜர் கண்ணை மூடினார், செபம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பாதிச் சாய்வில் நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வரப் பார்த்தது. பிறகு ஊசி நடுங்கியது, சரசரவென்று கீழே வந்தது. மோட்டரை அணைத்தேன்.

விருந்தாளிகளைச் சாப்பாட்டு அறையில் இருத்திவிட்டு மனேஜர் என்னை ஒரு பக்கம் இழுத்தார். அந்த மீற்றர் மாசி மாதமும் ஒருமுறை இப்படிப் பொய்யாக விழுந்ததல்லவா என்றார். உண்மைதான், விழுந்தது. இன்றைக்கும் மீற்றராகத்தான் இருக்கும், நீதான் மேடையை ஓட்டியவன், நீயே போய் மீற்றர்ப் பிழை என்று சொல்லு, நம்புவார்கள் என்றார். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. அது மீற்றராகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம். இருக்கலாம் என்பதை இருக்கிறது என்று சொல்லச் சொன்னால்தான் மனிதன் தடுமாறுகிறான். இதை நன்றாக மனதில் வையுங்கள், உங்களுக்கும் வரும்.

கோப்பி மேசைக்குப் போனேன். எந்தக் கேத்தலில் ஊற்றுகிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை. மதுரைக்காரர் அங்கே நின்றார், செய்தி அவருக்குப் போய்விட்டது. மனேஜர் சொன்னதைச் சொன்னேன். தங்கையின் விஷயமும் அவருக்குத் தெரியும். தைரியமாயிருங்க, உண்மையைச் சொல்லுங்க என்று ஏதாவது உபதேசம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் காசுப் பகுதிக்காரர்.

"மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க சார்," என்றார். "அவங்களும் சரின்னுட்டுப் போவாங்க. அப்புறம் அடுத்த கட்டத்துக்கு நான் எதுக்குன்னு காசு கேக்கறது? ரெண்டு நிலையும் முடிஞ்சுது, எல்லாம் நல்லாருக்கு. புது மீட்டர் வாங்கவா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சீனியைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதது ஒண்ணு இருக்குன்னு இப்பதான் சார் தெரிஞ்சிருக்கு. அதுக்குத்தானே காசு."

அவர் கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் குடித்த கோப்பி மகா கசப்பு, ஹெலிகொப்டர்க் கேத்தல்.

சாப்பாட்டு அறைக்குள் போய்ச் சொன்னேன். இரண்டு காரணம் இருக்கலாம். மீற்றர் பிழையாகக் காட்டியிருக்கலாம், அல்லது பாதிச் சாய்வில் எண்ணெய் போய்ச் சேரவில்லை. எது என்று எனக்குத் தெரியாது. கியர்பொக்ஸைத் திறந்தால் தெரியும், பின்னேரம் முழுக்க எடுக்கும். இருந்து பார்க்க விருப்பமென்றால் திறக்கிறோம் என்றேன். மனேஜர் கேக்கை வெட்டிய கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றார். என்னை நோக்கிப் பிடித்திருந்தார் என்று நான் பிறகு பகிடி பண்ணுவேன், அவர் மறுப்பார்.

அவர்கள் இருந்தார்கள். பச்சை முழங்கை அதிகாரிக்குக் கோட்டு எப்படியும் போய்விட்டது, கழற்றி எறிந்துவிட்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்டவே வந்துவிட்டார். கோட்டுச் சுத்தமாக இருந்திருந்தால் தூர நின்றுதான் பார்த்திருப்பார். ஆகவே வர்ணம் பற்றி நான் மேலே சொன்ன புத்திமதியைப் பாதி மீளப் பெறுகிறேன்.

மூடியைத் திறந்தபோது பார்த்தோம். சுழல்கிற தண்டைத் தாங்கும் மேல்மூலைப் பெயாரிங் ஒன்று காய்ந்து, நீலம் பாரித்திருந்தது. மீற்றர் பொய் சொல்லவில்லை. எண்ணெயை உறிஞ்சுவதற்கு உள்ளே இரண்டு வாய் வைத்திருந்தோம். நிமிர்ந்து நிற்கும்போது எண்ணெய் தேங்குகிற இடத்தில் ஹெலிகொப்டர்காரர்கள் ஒன்று வைத்தார்கள், படுத்திருக்கும்போது தேங்குகிற இடத்தில் விமானக்காரர்கள் ஒன்று வைத்தார்கள். பாதி சாய்ந்தால் எண்ணெய் இரண்டு வாய்க்கும் எட்டாத மூலையில் போய் ஒதுங்கும், சட்டியைச் சரித்தால் குழம்பு ஒதுங்குகிற மாதிரி. விநாடியில் கடந்தால் தெரியாது. நின்றால் பெயாரிங் காய்ந்துவிடும்.

விமானி விரலால் அந்தப் பெயாரிங்கைத் தொட்டு மணந்து பார்த்தார். பாரம் கூட ஏற்றினால் இந்தப் பறவை நேரே எழும்பாது, பாதி சாய்த்துக்கொண்டு ஓடித்தான் எழும்பும் என்றார். ஆகவே நான் அங்கேதான் இருப்பேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வீட்டு விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார். இரண்டு தலைவர்களும் முதல் தடவையாக ஒரே பக்கத்தில் நின்று, ஒரே ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். வாரங்கள் போயின, ஒட்டாவாவிலிருந்து மூச்சில்லை. மண்டபத்தில் ஆட்கள் பத்திரிகையில் வேலை வெற்றிடம் பார்க்கத் தொடங்கினார்கள். விமானத் தலைவர் மொன்றியல் கதையை மறுபடி சொல்லத் தொடங்கினார். மதுரைக்காரர் மட்டும் பாதிச் சாய்வு என்று ஒரு புதுத் தலைப்புப் போட்டு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில்தான் சாந்தி விஷயமாகக் குடிவரவு அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். தவமணியும் நானும் போனோம். அதிகாரி ஒரு கண்ணாடிக்காரப் பெண். உங்கள் வேலை வருகிற வருடமும் இருக்குமா என்று கேட்டார். இங்கே வானத்தில் ஒரு விமானமும் போகவில்லை, யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. வாய் பழகிவிட்டது. இரண்டு சாத்தியம் இருக்கிறது, எது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மேசைக்குக் கீழே தவமணி என் தொடையில் கிள்ளினாள். இப்போது தழும்பு இல்லை, ஆனால் இடம் எனக்குத் தெரியும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். நீங்கள் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். தவமணி பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிற பகுதியில் இருந்தாள். கீழேயிருந்து தொடங்கி அப்போது ஒரு ஷிப்டுக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். வேலை இருக்குமா என்ற கேள்விக்கு அவள் மேசையைத் தட்டி, இருக்கும் என்றாள்.

வீட்டுக்குக் கார் ஓடும்போது அவள் வழியிலுள்ள பெயர்ப்பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். நான் ஏச்சுக்குத் தயாரானேன். ஆனால் சில வாரத்தில் சம்மதக் கடிதம் வந்த அன்றுதான் ஏசினாள். அதுவும் சிரித்துக்கொண்டு.

"உங்கட வானத்தில திரியிற பெட்டியை நம்பித் தந்தவங்க எண்டு நினைக்காதீங்க," என்றாள். "நான் தரையில அடுக்கிற பெட்டியை நம்பித்தான் சாந்தி வாறாள்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது? அவளுக்கு அந்த வெற்றி இன்னும் முடியவில்லை, விருந்தாளி வந்தால் இப்போதும் சொல்வாள்.

காசும் வந்தது, அந்தக் கோடையில். கேட்டதைவிடக் குறைவு. ஆனால் பாதிச் சாய்வுக்கென்று தனியாக ஒதுக்கி வந்தது. பெரிய கம்பனியும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்திருக்கவில்லையாம், நீங்களே செய்து தாருங்கள் என்றார்கள். இரண்டு சாதியிலிருந்தும் ஆள் எடுத்து ஒரு மூன்றாவது பகுதி தொடங்கினோம், பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு கேத்தலையும் ஒன்றாக்கலாம் என்று மனேஜர் கேட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் மறுத்துவிட்டது. ஆகவே நடுவில் மூன்றாவது கேத்தல் வைத்தோம். அதில் தேத்தண்ணி. கொஞ்ச நாளில் அங்கேதான் கூட்டம் கூடியது.

உங்களுக்கு நான் சொல்ல வந்த தொழில் விஷயம் இத்துடன் முடிந்தது. ஒரு வேலையை இரண்டு பேர் நன்றாகச் செய்து முடித்தால், இரண்டு பேருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு வேலை போயிருக்கவும் கூடும். போகவில்லை என்பதால் நான் பெரிய ஞானி இல்லை. மதுரைக்காரர் அன்று கோப்பி குடிக்க வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. ஆகவே அவசரமான நாளில் காசுப் பகுதிக்காரருடன் ஒரு கோப்பி குடியுங்கள்.

தொழிலில் சேராத ஒன்று மிச்சமிருக்கிறது.

சாந்தியும் கணவரும் அந்த மாரிக் குளிரில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் ஒரே அழுகையும் சிரிப்பும். தவமணி கொண்டு போன தடித்த கோட்டுக்குள் சாந்தி காணாமலே போய்விட்டாள். கார் நிறுத்திய இடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். ஊரில் இருக்கிறவர்களைப் பற்றி அவள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது மேலே ஒரு ஹெலிகொப்டர் போனது. ஆஸ்பத்திரிக்கோ எதற்கோ போகிற சின்ன ஹெலிகொப்டர்.

நான் பழக்கப்படி நின்று, சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்தேன். சத்தம் போனபின் திரும்பினால் அவளைக் காணவில்லை. ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் இடையில் குந்தி, தலையைக் கையால் மூடியபடி இருந்தாள். அவள் கணவரும் குந்தியிருந்தார். சேற்றுப் பனியில் புதுக் கோட்டு நனைந்தது. ஊரில் ஹெலிகொப்டர் வந்தால் மேலேயிருந்து சுடும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். படிப்பது வேறு.

கையைப் பிடித்துத் தூக்கினேன். இங்கே ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அவள் வெட்கத்தோடு சிரித்துக் கோட்டைத் தட்டினாள். கொஞ்சத் தூரம் நடந்தபின் கேட்டாள்.

"அண்ணா, நீங்க வேலை செய்யிறது உப்பிடி ஒண்டிலதான் எண்டு மச்சாள் எழுதினவ. மெய்யா?"

அதுவரை ஊரிலிருந்து யார் கேட்டாலும் கியர்பொக்ஸ் செய்கிறேன் என்று சொல்லித் தப்பிவிடுவேன். கியர்பொக்ஸ் யாரையும் சுடாது. அன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓம்," என்றேன். "பாதி உது மாதிரி. மற்றப் பாதி நீ வந்து இறங்கின பிளேன் மாதிரி."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். ஏசுவாள், அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவளுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப கவனமாச் செய்யுங்க அண்ணா," என்றாள்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ மனேஜர்கள் எத்தனையோ கட்டளை போட்டார்கள். பாதியை மறந்துவிட்டேன், மீதியைச் செய்யாமல் விட்டிருக்கிறேன். அவள் சொன்ன அந்த ஒன்றை மட்டும் ஒவ்வொரு நாளும் மேசையில் இருந்து மோட்டரைப் போடும்போது செய்தேன்.